சொரிமுத்து சோதித்த வெற்றிலை போன்

குற்றாலம் மெயின் அருவிக்குப் போகிற வழியில் எண்ணெய்ப் பாட்டிலும் கையுமாகச் சில பேர் நிற்பார்கள். அவர்களில் எவர் உங்கள் தொப்பையை உற்றுப் பார்த்து, "சார், இது கல்யாணத்துக்குப் பொறவு வந்ததா, முந்தியே உள்ளதா?" என்று கேட்கிறாரோ அவர்தான் சொரிமுத்து. கோபித்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. சிரித்துவிடுகிறவர்கள் துண்டைக் கட்டிக்கொண்டு கல்லில் குப்புறப் படுத்துவிடுவார்கள். முப்பது வருடமாக மசாஜ் தொழிலுக்கு அவர் செய்துவருகிற விளம்பரம் இந்த ஒரு கேள்விதான்.

சொந்த ஊர் இலஞ்சி. அப்பா தென்னந்தோப்பில் காவலுக்கு இருந்தார். சொரிமுத்து பத்தாவது முடித்ததும் போலீஸ் செலக்‌ஷனுக்குப் போனார். மார்பு விரிவதில் அரை அங்குலம் குறைகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆறு மாதம் முட்டையும் தண்டாலுமாகக் கிடந்துவிட்டு மறுபடியும் போனார். இந்தத் தடவை மார்பு விரிந்தது. ஆனால் அளந்த ஆள் டேப்பைச் சரிபார்த்து முடிப்பதற்குள் மூச்சை அடக்கிக்கொண்டிருந்த சொரிமுத்து மயங்கி அந்த ஆள் மேலேயே விழுந்தார். அடுத்த வருடம் அவருடைய தம்பி மகாராஜா முட்டையும் தின்னாமல் தண்டாலும் எடுக்காமல் போய் முதல் தடவையிலேயே தேர்வாகிவிட்டான். இப்போது ஏட்டு.

அன்றிலிருந்து குடும்பத்தில் எந்த விசேஷமானாலும், "ஏட்டையா என்ன சொல்லுதாவ?" என்பதுதான் பேச்சு. பந்தல் எந்தப் பக்கம் பார்த்துப் போடலாம், போர் எங்கே இறக்கலாம், மாப்பிள்ளை குடிப்பானா, ஆட்டுக்கறிக்கு உப்புப் போதுமா என்று எல்லாவற்றுக்கும் மகாராஜா அபிப்பிராயம் சொல்லுவான். சொரிமுத்துவிடம் கேட்கப்படுகிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "முதுகு பிடிச்சிருக்கு, கொஞ்சம் பாக்கியளா?" அவருடைய சொந்த மகளுக்கு அனுசியா என்று பெயர் வைத்ததும் மகாராஜாதான். சொரிமுத்து மனதில் வேறொரு பெயர் இருந்தது. யாரும் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை.

அந்த அனுசியா புனலூரில் வாக்கப்பட்டுப் போனபின், அப்பாவுக்கென்று ஆசையாக ஒரு டச் போன் வாங்கி அனுப்பினாள். எண்ணெய்க் கைக்கும் டச் போனுக்கும் ஆகாது என்பது அருவிக்கரையில் எல்லாருக்கும் தெரியும். அவளுக்குத் தெரியவில்லை. தொட்டால் ஒன்றும் நடக்காது. தொடாதபோது எல்லாம் நடக்கும். ஓர் ஆடிச் சாரலில், விருதுநகர்ப் பக்கத்து ஆள் ஒருவரின் முதுகில் முட்டியைக் கொடுத்து அமுக்கிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. எடுக்கப் போனார், கேமரா திறந்தது. மூடப் போனார், படம் எடுத்தது. அழிக்கப் போனார், படம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போய் உட்கார்ந்துகொண்டது. வெறும் முதுகுதான், முகம் இல்லை. ஆனால் முதுகில் இட்லி அளவுக்கு ஒரு மச்சம் இருந்தது. கோயம்புத்தூரில் ஆபீஸ் வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்த முதுகு அது. அவருடைய மைத்துனரோ சொரிமுத்துவுக்குப் பழைய வாடிக்கை. பத்து நிமிடத்தில் கல்லில் கிடந்தவருக்கு மைத்துனரிடமிருந்து போன் வந்தது: "மாப்ளே, கோயம்புத்தூர்ல அருவி நல்லா விழுதா?"

டச் போன் பீரோவுக்குள் போனது. பழைய பட்டன் போன் ரப்பர் பேண்டோடு வெளியே வந்தது.

இந்த நிலையில்தான் ஜெபஸ்டின் வந்து கல்லில் படுத்தார். சுரண்டைக்காரர், முப்பது வயது இருக்கும். டிரிம்மோ என்கிற புதுக் கம்பெனியின் போன்களைத் தென்காசி மாவட்டம் முழுக்கக் கடைகடையாக ஏறி இறங்கித் தலையில் கட்டுகிற உத்தியோகம். நாள் பூராவும் பைக்கில் சங்கரன்கோவிலுக்கும் செங்கோட்டைக்குமாக அலைந்ததில் இடுப்பு கழன்றுவிட்டது.

"அண்ணாச்சி என்ன போன் வச்சிருக்கிய?" என்று கல்லைப் பார்த்தபடியே கேட்டார்.

"பட்டன் போன்தான் தம்பி. அதுலயும் ஏழாம் நம்பர் அமுங்காது. அதனால ஏழு இல்லாத ஆளுகளுக்கு மட்டும்தான் பேசுதது."

ஜெபஸ்டின் தலையைத் தூக்கினார். "எங்க கம்பெனில புதுசா மெலிசா ஒரு பட்டன் போன் விடப்போறாவ. கடைக்கு வரதுக்கு முந்தி மாவட்டத்துக்குப் பத்துப் பேருட்ட குடுத்து, ஒரு மாசம் வச்சிருந்து எப்படி இருக்குன்னு கேக்கச் சொல்லியிருக்காவ. நீங்க பாத்துச் சொல்லுதியளா?"

சொரிமுத்துவின் கை நின்றுவிட்டது. "நானா சொல்லணும்?"

"ஆமா அண்ணாச்சி. ஒங்க கருத்துதான் வேணும்."

கருத்து என்கிற அந்தச் சொல் ஐம்பத்து மூன்று வருடத்தில் முதல் தடவையாகச் சொரிமுத்துவைத் தேடி வந்திருந்தது. சந்தோஷத்தில் ஜெபஸ்டினுக்கு அரை மணி நேரம் கூடுதலாகவே பிடித்துவிட்டார். எழுந்து பார்த்தபோது இடுப்புவலி போயிருந்தது. கழுத்து புதிதாகச் சுளுக்கியிருந்தது.

இரண்டு நாளில் போன் வந்தது. கூடவே இருபது கேள்விகள் கொண்ட ஒரு தாள். ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தது. பிடித்த அளவுக்கு நட்சத்திரத்தைக் கறுப்பாக்க வேண்டும். சொரிமுத்து அதை ஒரு தடவை பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். தன் கருத்தை நட்சத்திரத்துக்குள் அடைப்பதற்கு அவர் தயாராக இல்லை.

அவர் மனைவி தங்கத்தாய் இலஞ்சிப் பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையல். பெட்டியைத் திறந்து பார்த்தவள் இவள்தான். "மூடி மட்டுந்தான் அனுப்பியிருக்கான். போனைக் காணல."

"அதாம்ட்டி போனு."

தங்கத்தாய் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். "வெத்தலை கணக்கா இருக்கு. சுண்ணாம்பு தடவி மடிச்சுப் போட்டுரலாம் போலயே."

கம்பெனி அதற்கு வைத்திருந்த இங்கிலீஷ் பெயரை அதன்பின் அந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை. வெத்தலை போன் என்றே ஆகிவிட்டது.

சொரிமுத்து சோதனையை முறைப்படி ஆரம்பித்தார். தினசரிக் காலண்டரில் அன்றன்றைக்குக் கிழிக்கிற தாளின் பின்பக்கத்தில் அன்றைய கருத்தை எழுதிவைப்பது என்று ஏற்பாடு. முதல் தாளில் இருந்தது இது: "பார்க்க லெட்சணம். கறுப்பு நிறம். மூலை எல்லாம் மழுங்க இழைத்திருக்கிறான், குத்தவில்லை. எடை இல்லை. சட்டைப் பையில் இருக்கிறதா என்று மூன்று தடவை தொட்டுப் பார்த்தேன். இருந்தது."

இரண்டாம் நாள் இல்லை. குனிந்தே வேலை செய்கிற மனிதர். ஒவ்வொரு தடவை குனியும்போதும் போன் சட்டைப் பையிலிருந்து வழிந்து வாடிக்கையாளர் முதுகில் விழுந்தது. குப்புறக் கிடந்த ஓர் ஆசாமி, ஏதோ மூலிகை இலையை முதுகில் வைத்து ஒற்றடம் கொடுக்கிறார் என்று நினைத்து, "அங்கதான், அங்கதான், அப்படியே அமுக்குங்க" என்றார்.

சட்டைப் பை சரிப்படாது என்று பட்டாபட்டி டிராயரின் பைக்குள் போட்டுக்கொண்டார். அந்தப் பையில் ஓட்டை ஒன்று இருந்ததை அவர் பல வருடமாகப் பொருட்படுத்தியதில்லை. பழைய போனின் உடம்பு அதற்குள் நுழையாது. வெற்றிலை நுழைந்தது. ஒரு ரிட்டயர்டு தாசில்தாரின் தொடையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, எதிர்பாராத ஓர் இடத்தில் போன் அதிர்ந்தது. சொரிமுத்து "யம்மா!" என்று கத்திக்கொண்டு இரண்டடி உயரம் குதித்தார். தன் தொடையில்தான் ஏதோ பயங்கரமான விஷயத்தை மனிதர் கண்டுபிடித்துவிட்டார் என்று தாசில்தார் எழுந்து ஓடினார். "அதிர்வு போதாது என்று காலையில் எழுதியிருந்தேன். அதை வாபஸ் வாங்குகிறேன். இடத்தைப் பொறுத்தது" என்று அன்றைய தாள் சொல்கிறது.

மூன்றாம் நாள் காலையில் தங்கத்தாய் உலை வைத்துக்கொண்டிருந்தபோது, கூடத்திலிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது. "நௌ... சார்... ஏக்..."

"யாரு அவ?" என்று கரண்டியோடு வந்தாள்.

"போனுக்குள்ள இருக்கா. இந்தியில ஒம்பது, நாலு, ஒண்ணுன்னு நம்பரு சொல்லுதா."

"யாரு நம்பரு?"

"என் விரலு எதை அமுக்குதோ அந்த நம்பரு."

"ஒங்க விரலு எதை அமுக்குதுன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?"

கண் தெரியாதவர்களுக்கும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் உதவியாக வைத்த வசதி அது. நல்ல வசதிதான். ஆனால் இந்தியில் வைத்து, அதை நிறுத்துகிற வழியையும் இந்தியிலேயே ஒளித்துவைத்திருந்தார்கள். தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிற காஜாவிடம் கொண்டுபோனார். காஜா தமிழ்நாட்டில் விற்கிற எல்லாப் போனையும் பிரித்துப் போட்டவர். அவருக்கே அந்தப் பெண்ணின் வாயை அடைக்க இருபது நிமிடம் பிடித்தது. "அஞ்சு கதவு தாண்டி உள்ள உக்காந்திருக்கா அண்ணாச்சி" என்றார் வியர்வையைத் துடைத்துக்கொண்டு. அதற்கப்புறம் மெனு தமிழுக்கு வந்தது. எழுத்து பெரிதாக, கண்ணாடி இல்லாமலே வாசிக்கிற மாதிரி இருந்தது. சொரிமுத்து அதையும் மறக்காமல் எழுதினார். குறை மட்டுமே சொல்கிற ஆள் என்று கம்பெனி நினைத்துவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தார்.

நிறைகளும் இருக்கத்தான் செய்தன. எதிராளி காதுக்குள் வந்து உட்கார்ந்து பேசுகிற மாதிரிக் குரல் துல்லியம். வயர் மாட்டாமலே ரேடியோ பாடியது. கல்லில் கிடப்பவர்கள் பாட்டுக்குத் தக்கபடி பிடிக்கச் சொன்னார்கள். ஆனால் மணியோசை மகா மட்டம். அதைச் சோதிப்பதற்கென்றே, பத்துப் பேரில் ஒருவரான ஆட்டோக்கார மாடனைத் தூர நிற்கச் சொல்லி, தான் அருவிப் பக்கம் போய் நின்று போன் போடச் சொன்னார். ஆஸ்பத்திரியில் நோயாளி முனகுகிற மாதிரி நாகரிகமான ஓசை. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவன் பெண்டாட்டியைக் கூப்பிடுவதே கேட்காது. "இது ஏ.சி. ரூமில் மட்டும் அடிக்கிற போன்" என்று எழுதினார்.

டார்ச்சைக் கீழ்ப்பக்கம் வைத்திருந்தார்கள். வெளிச்சம் வேண்டுமானால் போனைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும். கரண்டு போன ஒரு சாயங்காலம் சொரிமுத்து டார்ச்சைப் போட்டபடியே பேசிக்கொண்டு வர, கீழேயிருந்து தாடையில் வெளிச்சம் அடித்து, எதிரே வந்த பக்கத்து வீட்டம்மா கும்பிட்டுவிட்டு ஓரமாக ஒதுங்கினாள். பேட்டரி ஐந்து நாள் நிற்கும் என்று பெட்டியில் போட்டிருந்தது. இரண்டரை நாள் நின்றது. அதுவும் யாரும் கூப்பிடாத இரண்டரை நாள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை பட்டன்கள். மெலிசாக்குகிறேன் என்று ஒன்றோடொன்று ஒட்டி, பாய் விரித்த மாதிரித் தட்டையாக்கியிருந்தார்கள். பழைய போன்களில் ஐந்தாம் நம்பரின் மேல் சின்னதாக ஒரு பொட்டு மேடிட்டு இருக்கும். விரல் அதைத் தொட்டுவிட்டால் மற்ற நம்பர்கள் எல்லாம் எங்கெங்கே என்று தானாகத் தெரிந்துவிடும். சொரிமுத்து இத்தனை வருடமும் போனைப் பார்க்காமலே நம்பர் போட்ட ரகசியம் அந்தப் பொட்டுதான். வெற்றிலையில் அது இல்லை.

பதினேழாம் நாள் அதற்கு ஒரு வழி பிறந்தது. போனைக் கல்லின் ஓரத்தில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனபோது ஒரு குரங்கு அதைத் தூக்கிக்கொண்டு போய் மரத்தில் உட்கார்ந்துவிட்டது. குற்றாலத்துக் குரங்குகளுக்குப் போன் ஒன்றும் புதிதல்ல. அது முகர்ந்து பார்த்தது, நல்லெண்ணெய் வாசனை. நேந்திரம் சிப்ஸில் புது வகை என்று நினைத்ததோ என்னவோ, நடுவில் ஒரு கடி கடித்தது. ருசிக்கவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு சொரிமுத்துவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கீழே எறிந்தது. பாறையில் விழுந்த போன் இரண்டு தடவை குதித்து நின்றது. எடுத்துப் பார்த்தால் ஒன்றும் ஆகவில்லை. அந்த விஷயத்தில் கம்பெனியைப் பாராட்ட வேண்டும். ஆனால் ஐந்தாம் நம்பரின் மேல் ஒரு பல் பதிந்து, விளிம்பு மேடிட்டு நின்றது. சொரிமுத்து கண்ணை மூடிக்கொண்டு தடவினார். விரல் நேராக ஐந்தில் போய் நின்றது. அப்படியே தங்கத்தாய்க்கு நம்பர் போட்டார். சரியாகப் போனது.

"என்ன இந்நேரத்துல?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. கொரங்கு அஞ்சைக் கண்டுபிடிச்சுக் குடுத்துட்டு."

"வெயில்ல நிக்காதிய" என்று வைத்துவிட்டாள்.

மாதம் முடிந்தது. தென்காசியில் ஒரு லாட்ஜின் ஹாலில் கூட்டம். சென்னையிலிருந்து மேனேஜர் விஸ்வநாதன் வந்திருந்தார். மடிப்புக் கலையாத சட்டை, கழுத்தில் அட்டை. மூன்றுகால் ஸ்டாண்டில் கேமரா. ஒரு பக்கம் சாப்பாட்டுக்கு அண்டாக்களை வரிசையாக வைத்துத் திறந்து கிண்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவராகக் கேமரா முன்னால் வந்து, "மெலிசு, அழகு, அருமை" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் நிகழ்ச்சி. பூக்கடை முத்துசெல்வி மூன்று தடவை சொல்லி, மூன்றாவது தடவை தேறினாள். அவள் போனை வாங்கிய அன்றே சம்பந்திக்குக் கொடுத்துவிட்டிருந்தாள். மாடன் ஆட்டோவுக்கு ஆள் கூப்பிடுகிற தொண்டையில், "மெலிசு! அழகு! அருமை!" என்று கத்திவிட்டு நேராக அண்டாப் பக்கம் போனார்.

சொரிமுத்து மகளின் கல்யாணத்துக்குத் தைத்த வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். கையில் கிளிப் போட்ட முப்பது காலண்டர் தாள்.

"அண்ணே, ஒரு வரி போதும்" என்றார் மேனேஜர். "கேமராவைப் பாத்துச் சொல்லிட்டு சாப்பிடப் போங்க."

"முப்பது தாள் இருக்கு சார். வாசிச்சிருதேன்."

"அதெல்லாம் தேவையில்லண்ணே. ஸ்லிம்தான் இந்தப் போனோட அடையாளமே. மக்கள் அதைத்தான் கேக்குறாங்க."

"எந்த மக்க சார்? ஒருத்தரு பேரு சொல்லுங்களேன்."

மேனேஜர் ஜெபஸ்டினைப் பார்த்தார். ஜெபஸ்டின் மின்விசிறியைப் பார்த்தார்.

"சார், மெலிசுங்கது பாக்குததுக்கு" என்றார் சொரிமுத்து. "போனை நான் பாத்துக்கிட்டா இருக்கேன்? பிடிச்சில்லா பேசுதேன். ஒரு மெலிஞ்ச ஆளு வந்து என் கல்லுல படுத்தாம்னு வைங்க. பிடிக்கச் சதை இருக்காது, எலும்புதான் தட்டும். அவனுக்கும் வலி, எனக்கும் வலி. இதுக்கு இன்னும் ஒரு நூல் சதை போடுங்க. பேட்டரிக்கு வயிறு கிடைக்கும், மணிக்குத் தொண்டை கிடைக்கும். அஞ்சாம் நம்பருக்கு ஒரு பொட்டு வைங்க. டார்ச்சைத் தலையில வைங்க, கால்ல வைக்காதிய."

"இதெல்லாம் லேப்ல டெஸ்ட் பண்ணினதுண்ணே. கைக்கு எவ்ளோ வாகா இருக்குன்னு ரிப்போர்ட்டே இருக்கு."

"அந்த லேப்ல எண்ணெய் இருந்துச்சா?"

மேனேஜர் சிரித்தார். சிரித்ததுதான் தப்பாகப் போயிற்று. சொரிமுத்து மஞ்சள் பைக்குள்ளிருந்து பாட்டிலை எடுத்துவிட்டார். சட்டை வெள்ளையானாலும் பாட்டில் இல்லாமல் வெளியே போகிற பழக்கம் அவருக்கில்லை. "கையை நீட்டுங்க சார். ஒரு நிமிசம்." கேமரா ஓடுகிறது, ஒன்பது பேர் பார்க்கிறார்கள். மேனேஜர் மறுக்க முடியாமல் உள்ளங்கையை நீட்டினார். சொரிமுத்து எண்ணெய் விட்டு இரண்டு கையையும் முறையாகத் தேய்த்துவிட்டு, மேனேஜர் கொண்டுவந்திருந்த புதுப் போனையே எடுத்துக் கொடுத்தார். "இப்பம் கண்ணை மூடிக்கிட்டு ஒங்க வீட்டுக்குப் போன் போடுங்க."

மேனேஜர் ரோஷக்காரர். கண்ணை மூடினார். நான்கு எண்கள் அமுக்கினார். இந்திக்காரி நான்கையும் சொன்னாள். நான்கும் வேறு யாருடைய வீட்டு நம்பரோ. பிடியை இறுக்கினார். இறுக்கியதும் சோப்புக்கட்டி மாதிரிப் போன் மேலே எகிறியது. கண்ணைத் திறந்து இடது கையால் பிடிக்கப் போய், பிடிக்காமல் தட்டினார். வலது கையால் பிடிக்கப் போய் இன்னும் ஓங்கித் தட்டினார். போன் ஹாலைக் குறுக்காகக் கடந்து சாம்பார் அண்டாவுக்குள் இறங்கியது.

பரிமாறுகிறவர் கரண்டியோடு திரும்பி, "எடுக்கவா, கெடக்கட்டுமா?" என்று கேட்டார்.

ஜெபஸ்டின் கரண்டியை வாங்கித் துழாவினார். இரண்டு முருங்கைக்காய் வந்தது. மூன்றாவதாகப் போன் வந்தது.

"தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாது. பெட்டியிலயே போட்டிருக்கோம்" என்றார் மேனேஜர், எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே.

"தண்ணின்னுதான் சார் போட்டிருக்கு. சாம்பார்னு போடலயே" என்றார் மாடன், அண்டாப் பக்கத்திலிருந்து.

திரையில் ஒரு வெளிச்சம் வந்தது. இந்திக்காரி கடைசியாக "நௌ" என்றாள். அப்புறம் அணைந்துபோனது.

இதை மாடன் ஆரம்பத்திலிருந்தே தன் போனில் பிடித்திருந்தார். சாயங்காலத்துக்குள் வீரகேரளம்புதூரிலிருந்து செங்கோட்டை வரைக்கும் வாட்ஸ்அப் வைத்திருக்கிற யாவரும் பார்த்துவிட்டார்கள். சொரிமுத்துவை வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம், "அண்ணாச்சி, இன்னும் ஒரு நூல் சதை போடணுமா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அவரால் சிரிக்க முடியவில்லை. ஜெபஸ்டின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று மனதுக்குள் அறுத்துக்கொண்டே இருந்தது. இரண்டு தடவை போன் போட்டார். எடுக்கவில்லை.

பத்து நாள் கழித்து ஜெபஸ்டினே வந்து கல்லில் படுத்தார். வேலை போகவில்லை, ராமநாதபுரத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

"மன்னிச்சிரு தம்பி. அன்னைக்கு அந்தப் பாட்டிலை நான் எடுத்திருக்கப்பிடாது."

"விடுங்க அண்ணாச்சி. அந்த மனுசன் சட்டையில துடைச்சதைப் பாத்தியளா? ரெண்டு வருசமா நான் பாக்கணும்னு நெனச்சது" என்று ஜெபஸ்டின் கல்லுக்குள்ளேயே சிரித்தார். "ஒங்க முப்பது தாளையும் படம் எடுத்து மேல அனுப்பிட்டேன். டிசைன் பண்ணுதவங்களுக்கே."

"பதிலு வந்துச்சா?"

"வந்துச்சு. நோட்டட்னு ஒரு வார்த்தை."

"அப்படின்னா?"

"குறிச்சுக்கிட்டோம்னு அர்த்தம்." அதற்கு உண்மையில் என்ன அர்த்தம் என்பதை ஜெபஸ்டின் சொல்லவில்லை.

சொரிமுத்துவுக்கு அதுவே போதுமாயிருந்தது. எங்கோ ஓர் ஊரில் யாரோ ஒருவர் அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டிருக்கிறார். அன்று கல்லில் விழுந்த ஒவ்வொருவருக்கும் அந்தச் சந்தோஷத்தின் அடி கொஞ்சம் பலமாகவே விழுந்தது.

பொங்கலுக்கு முன்னால் போன் கடைக்கு வந்தது. காஜா முதல் பெட்டியைப் பிரித்ததும் ஆள் விட்டுக் கூப்பிட்டனுப்பினார். சொரிமுத்து போய்ப் பார்த்தார். அதே வெற்றிலை. சதை போடவில்லை, பொட்டு வைக்கவில்லை, மணி அதே முனகல். டார்ச் மட்டும் மேலே ஏறியிருந்தது. அது இவர் சொல்லி ஏறியதா, அவர்களுக்கே புத்தி வந்து ஏறியதா என்று கேட்டுச் சொல்ல ஜெபஸ்டினும் இல்லை. சொரிமுத்து விசாரிக்கவும் இல்லை. "நான்தான் ஏத்துனேன்" என்று கடையில் நின்றவர்களிடம் சொல்லிவிட்டார். யாரும் மறுக்கவில்லை.

அதற்கப்புறம் காஜா கடைக்குப் பட்டன் போன் வாங்க வருகிறவர்கள், "அண்ணாச்சி பாத்தாச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். காஜாவும் புது மாடல் வந்தால் ஒன்றை எடுத்துவைத்துவிடுவார். வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்து பஸ் ஏறி வந்து, எண்ணெய்க் கையோடு கண்ணை மூடித் தடவிப் பார்த்து, சொரிமுத்து தீர்ப்புச் சொல்லுவார். "மணி பரவால்ல, பட்டன் நொண்டி." "கனம் இருக்கு, ஆனா அறிவு இல்ல." ஒரு போனைப் பற்றி ஒரே வார்த்தைதான் சொன்னார், அதை எழுத முடியாது. அந்த மாடலைக் காஜா அப்புறம் வாங்கவே இல்லை.

மாசியில் ஒருநாள் ஏட்டு மகாராஜா போன் செய்தான். எப்போதும் போல முதுகுப் பிடிப்பாக இருக்கும் என்று நினைத்து, "சாயங்காலம் வாரேம்ல" என்றார்.

"முதுகு இல்லண்ணே. அத்தைக்கு ஒரு பட்டன் போன் வாங்கணும். எது நல்லாருக்கும்? நீ சொன்னாத்தான் சரியாருக்கும்னு எல்லாரும் சொல்லுதாவ."

சொரிமுத்து எண்ணெய்க் கையைத் துண்டில் நிதானமாகத் துடைத்துக்கொண்டு, கல்லில் வசதியாக உட்கார்ந்தார். லைன் கட்டாகிவிட்டதோ என்று மகாராஜா இரண்டு தடவை "அண்ணே, அண்ணே" என்றான். பிறகு பேச ஆரம்பித்தவர் முக்கால் மணி நேரம் பேசினார். ஸ்டேஷனில் ஆள் காத்துக்கிடக்கிறது என்று மகாராஜா சொன்னபோதும், "இருலே, பேட்டரி பத்தி இன்னும் சொல்லல" என்று நிறுத்திவைத்தார்.

அந்தக் கித்தாப்பிலேயே வீட்டுக்கு வந்தார். தங்கத்தாய் அன்றுதான் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டு வீரகேரளம்புதூரிலிருந்து திரும்பியிருந்தாள். கட்டிலில் உட்கார்ந்து, சின்ன முறம் அகலத்துக்கு ஒரு டச் போனை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ரோஸ் கலர் உறை வேறு.

"ஏட்டி, இது எப்பம் வாங்குன?"

"காலையில. தங்கச்சி கூட வந்தா."

"என்னட்ட ஒரு வார்த்தை கேக்கலயே? ஊரே என்னட்ட கேட்டுல்லா வாங்குது."

"ஒங்ககிட்ட எதுக்குக் கேக்கணும்? நாந்தான பேசப்போறேன்."

சொரிமுத்து அதைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார். கனம் எவ்வளவு, விளிம்பு எப்படி என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தார். அதற்குள் தங்கத்தாய் பிடுங்கிக்கொண்டு, புனலூருக்கு வீடியோவில் மகளைக் கூப்பிட்டு, போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"கருத்து எல்லாம் பொறவு சொல்லலாம். இங்கன பாருங்க. அனுசியா தெரியுதா பாருங்க."

தெரிந்தாள். தலைக்குக் குளித்துவிட்டு ஈரம் சொட்ட நின்றாள். நல்ல துலக்கமாகவே தெரிந்தாள்.